அம்மிணிக்கு: வாசலில் நிற்பவர்களைப் பற்றி

அன்புள்ள அம்மிணிக்கு,

ஸ்தோத்திரம். "யாருன்னே தெரியாதவங்கள எதுக்கும்மா வீட்டுக்குள்ள விடறீங்க?" என்று போனில் கேட்டாய். அவர்கள் அடுத்த ரூமில் இருந்ததால் அப்போது வாய் திறந்து பேச முடியவில்லை.

ஏஜென்ட் பேச்சை நம்பி, பனியன் கம்பெனி வேலைக்கென்று ஒடிசாவிலிருந்து தன்பாத் ரயிலில் வந்து இறங்கியவர்கள். வந்த பிறகு அந்த ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. கையில் குழந்தை. திருப்பூரில் இந்தி பேசுகிறவர்களுக்கு வாடகைக்கு ரூம் கிடைப்பது எப்படி என்று உனக்கே தெரியும். அப்பா ஆதார் கார்டை வாங்கிப் பார்த்து போட்டோவும் எடுத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை.

நம் பக்கத்தில் வருகிறவரை "வாங்க" என்று கேட்காமல் விட்டால் தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் அந்த வாங்க யாருக்கு? சம்பந்தி வந்தால் அரிசிம்பருப்பு சோற்றில் நெய் மிதக்கும். முகம் தெரியாதவருக்குத் திண்ணையோடு சரி. காட்டு வேலைக்கு வருகிறவருக்கு வாசலுக்கு வெளியே தனி டம்ளர் வைத்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன், அதில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வீடும் உண்டு. பணக்காரனை நல்ல இடத்தில் உட்கார வைத்து, ஏழையை "நீ அங்கே நில்லு" என்பவர்களை பைபிளில் யாக்கோபு தன் நிருபத்தில் நேராகவே கேட்கிறார். எத்தனை வகை சமைத்தாலும், உட்காருகிற இடத்தில் பிரித்துவிட்டால் அது உபசாரம் இல்லை என்பது என் கட்சி. அதனால்தான் அவர்களும் நம் மேஜையில்தான் சாப்பிட்டார்கள்.

ஆபிரகாம் மம்ரேயில் முன்பின் தெரியாத மூன்று பேரை வரவேற்றதைப் பிரசங்கத்தில் எல்லோரும் புகழ்கிறார்கள். மூன்று படி மாவைப் பிசைந்து அப்பம் சுட்டது அவர் மனைவி சாராள், அதுவும் வெயில் கொளுத்துகிற நேரத்தில்! பேதுரு "முறுமுறுப்பில்லாமல்" உபசரியுங்கள் என்று எழுதியிருக்கிறார் என்றால், அந்தக் காலத்திலேயே அடுப்படியில் நிறைய முறுமுறுப்பு இருந்திருக்கத்தான் வேண்டும். இப்போது நம் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது அப்பா. வந்த பொண்ணும் சும்மா உட்காராமல் வெங்காயம் உரித்துக் கொடுத்தாள்.

அதற்காக வருகிறவர்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று முதல் சபையார்கூட விடவில்லை. திதாகே என்று அவர்களுடைய பழைய கையேடு ஒன்று உண்டு. வழிப்போக்கர் இரண்டு மூன்று நாள் தங்கலாம், அதற்கு மேல் இருக்க நினைத்தால் தொழில் செய்து சாப்பிடட்டும் என்கிறது. ஊழியக்காரன் என்று வந்து கிளம்பும்போது பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்றும் இருக்கிறது. ஏமாற்றுக்காரர்கள் அவர்கள் வாசலுக்கும் வந்திருக்கிறார்கள், ஆனாலும் அவர்கள் கதவைச் சாத்திவிடவில்லை. நம் வீட்டுக்கு வந்த அந்தத் தம்பிக்கு, துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டத் தெரியும். வேலை கிடைத்து, சபை ஆள் ஒருவர் மூலம் லைன் வீடு பார்த்து, குடியும் போயாச்சு.

தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறவர்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அதிலும் உனக்குச் சந்தேகம் இருந்தது. மோரும் தண்ணீரும் வழியெல்லாம் கொடுக்கிறார்கள். நடந்து வருகிற பெண்களுக்குத் தேவை தாழ்ப்பாள் போட்ட ஒரு பாத்ரூம். அதைத்தான் நாம் திறந்து விடுகிறோம். "அவங்க நேர்த்திக்கு நாம எதுக்கு?" என்று நம் சபையிலேயே ஒருவர் கேட்டார். தொழுதுகொள்ள யூதருக்கு எருசலேம், சமாரியருக்குக் கெரிசீம் மலை. இயேசு சொன்ன கதையில், எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் நீ எந்த மலைக்காரன் என்று கேட்டுவிட்டா அந்தச் சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான்?

ஆனால் புனேயில் நீ தனியாக இருக்கிறாய், ராத்திரி யார் பெல் அடித்தாலும் கதவைத் திறக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் சபையில் ஆராதனை முடிந்து பேச ஆளில்லாமல் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிற புது ஆள் யாராவது இருப்பார். தோழிகளோடு சேர்ந்து அவரைச் சாப்பிடக் கூப்பிடு. பருப்புப் பொடியும் கொள்ளும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு லீவு கிடைத்தால் வந்துவிடு கண்ணு. பாத்ரூம் கழுவ ஆள் பற்றவில்லை.

அன்புடன்,
அம்மா