நுண்பாசி பத்தி இன்னும் கொஞ்சம் முழுசா எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல நுண்பாசிய வச்சு பயிர் வளக்கறத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். இந்த விஷயத்த எடுத்து எழுதுனதுக்கே முதல்ல நன்றி. ஆனா படிச்சு முடிச்சதும் பாசிய வாங்கி வயல்ல விட்டா போதும், யூரியாவே வேணாம்ங்கற எண்ணம்தான் மனசுல நிக்குது, அதான் எனக்கு உறுத்துது. அத நம்பி செஞ்சு பாத்து ஒண்ணும் நடக்கலன்னா அந்த விவசாயி அதுக்கப்புறம் யார் சொன்னாலும் பாசி பக்கமே திரும்ப மாட்டாரு.

குளோரெல்லாங்கற பச்சைப்பாசியயும் அனபீனாங்கற நீலப்பச்சைப்பாசியயும் ஒரே வரிசைல வச்சு எழுதியிருக்கீங்க. ரெண்டும் செய்யற வேல வேற வேறங்க. காத்துல இருக்கற நைட்ரஜன புடிச்சு மண்ணுக்கு சேக்கறது நீலப்பச்சைப்பாசில சில வகைங்க மட்டும்தான், அனபீனா, நாஸ்டாக், டோலிபோத்ரிக்ஸ் மாதிரி, அதுங்கள சயனோபாக்டீரியான்னு பாக்டீரியா கணக்குல சேப்பாங்க. குளோரெல்லாவால அந்த வேலைய செய்யவே முடியாது. அதோட சாறுல இருக்கற அமினோ அமிலம், அப்புறம் ஆக்சின், சைட்டோகைனின்ங்கற பயிர் ஹார்மோன் மாதிரி பொருளெல்லாம் வேர் விடவும் நாத்து தேறவும் உதவலாம், அதுவும் பயிருக்கு பயிர், அளவுக்கு அளவு மாறும். வளர்ச்சி ஊக்கிய வாங்கிட்டு வந்து உரம்னு நெனச்சு யூரியாவ நிறுத்துனா பயிர் மஞ்சளடிச்சு போயிரும்.

கட்டுரைல விட்டுப்போன முக்கியமான சங்கதி ஒண்ணு இருக்கு. நைட்ரஜன புடிக்கற நைட்ரஜனேஸ் என்சைமுக்கு ஆக்சிஜன் பட்டா ஆகாது, ஆனா பாசியோ ஒளிச்சேர்க்கை பண்ணி ஆக்சிஜன விட்டுக்கிட்டே இருக்கு, அதனால அனபீனா தன்னோட இழைல சில செல்ல மட்டும் தடிச்ச சுவரோட தனியா ஒதுக்கி வச்சு அதுக்குள்ளதான் இந்த வேலைய செய்யுது. ஹெட்டிரோசிஸ்ட்னு அதுக்கு பேரு. மைக்ராஸ்கோப்புல பாத்தா மணி கோத்த மாதிரி இருக்கற இழைல அங்கங்க ஒண்ணு மட்டும் தனியா தெரியும், அவ்ளோ அழகா இருக்கும். ஒரு நைட்ரஜன் மூலக்கூற அம்மோனியாவா மாத்த 16 ஏடிபி (செல்லுக்கு சக்தி குடுக்கற மூலக்கூறு) செலவாகுது, அதனால தண்ணில ஏற்கனவே நைட்ரஜன் நிறைய கரைஞ்சு கெடந்தா பாசி அந்த செலவ பண்ணாது, இருக்கறத எடுத்துக்கிட்டு சும்மா இருந்துரும். அப்போ முழு அளவு யூரியாவயும் போட்டு பாசியயும் விட்டா நைட்ரஜன் கணக்குல பெருசா லாபம் இல்ல. யூரியாவ எவ்ளோ குறைக்கணும், எப்போ போடணும்னு சொல்லாம பாசிய மட்டும் சிபாரிசு பண்றது பாதி வைத்தியம்தான்.

நெல் வயல்ல நைட்ரஜன் சேரறதுல நீலப்பச்சைப்பாசிக்கு பங்கு இருக்குன்னு பி.கே. டேங்கற விஞ்ஞானி 1939லயே எழுதிட்டாரு. 1950ல ஆர்.என். சிங்ங்கற இன்னொரு விஞ்ஞானி களர் நிலத்த மீட்க இதே பாசிய பயன்படுத்தலாம்னு எழுதினாரு. அதனால இது நேத்து முளைச்ச ஐடியா இல்ல. பொதுவா சொல்ற கணக்கு என்னன்னா ஒரு பருவத்துக்கு ஹெக்டேருக்கு 20லேருந்து 30 கிலோ நைட்ரஜன இந்த பாசி சேக்கும், ஒரு டன் நெல்லு விளையறதுக்கே பயிர் ஏறக்குறைய 15லேருந்து 20 கிலோ எடுத்துக்கும், அப்போ முழு தேவையும் இதுல தீராது, ஒரு பங்கு தீரும். அந்த ஒரு பங்கே பெரிய விஷயம்னுதான் நான் நெனைக்கறேன், ஏன்னா போடற யூரியாவுல நிறைய பயிருக்கு போகாம தண்ணிலயும் காத்துலயும்தான் போகுது, அதுல ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடா மாறுது, 100 வருஷ கணக்குல பாத்தா அது கார்பன் டை ஆக்சைட விட சுமார் 273 மடங்கு சூடாக்கற வாயு.

அப்புறம் பாசிக்கும் சாப்பாடு வேணும்ங்க. பாஸ்பரஸ் இல்லன்னா வளராது, மாலிப்டினம் இல்லன்னா நைட்ரஜனேஸ் வேல செய்யாது, புளிப்பு மண்ணுல தேறறது கஷ்டம், சில களைக்கொல்லி பட்டா செத்துரும், தண்ணில இருக்கற சின்ன சின்ன பூச்சிங்க மேஞ்சுரும்.

எனக்கு ரொம்ப நம்பிக்கை இருக்கற பக்கம் கழிவுநீர் பக்கம், அதுக்கு நீங்க ஒரே ஒரு பத்திதான் குடுத்திருக்கீங்க. வில்லியம் ஆஸ்வால்ட்ங்கற பொறியாளர் 1950கள்லயே கலிபோர்னியால ஆழம் குறைஞ்ச குளத்துல பாசிய வளத்து சாக்கடை தண்ணிய சுத்தம் பண்ற முறைய உருவாக்கினாரு. பாசி ஆக்சிஜன் குடுக்குது, பாக்டீரியா அத வச்சு கழிவ உடைக்குது, அதுல வர்ற நைட்ரஜனயும் பாஸ்பரஸயும் பாசி எடுத்து வச்சுக்குது. பாஸ்பரஸ காத்துல இருந்து எடுக்க வழியே இல்ல, பாறைய வெட்டித்தான் எடுக்கணும், அத ஆத்துலயும் கடல்லயும் விட்டுட்டு திரும்ப பாறைய வெட்டறோம். பாசிய மண்ணுக்கு கொண்டு போனா அந்த சத்து கொஞ்சம் கொஞ்சமா பயிருக்கே திரும்பும். கஷ்டம் எங்கன்னா, திறந்த குளத்துல ஒரு லிட்டர் தண்ணிக்கு அரை கிராம் ஒரு கிராம் பாசிதான் கெடைக்கும், அத வடிச்சு காய வைக்கறதுலயே மின்சாரமும் காசும் போயிரும், அதனால குளத்துக்கு பக்கத்து நிலத்துல ஈரமாவே போடறதுதான் எனக்கு சரியா படுது. ஆனா ஆலைக் கழிவுத் தண்ணின்னா வேணவே வேணாம், கன உலோகத்த பாசி உறிஞ்சி வச்சுக்கும். வீட்டுக் கழிவா இருந்தாலும் நோய்க்கிருமிக்கு டெஸ்ட் பண்ணாம கீரை காய்கறிக்கு போடக்கூடாது. மைக்ரோசிஸ்டிஸ் மாதிரி நச்சு உண்டாக்கற வகைங்களும் இருக்கு, குளத்துல பச்சையா படிஞ்சிருக்கறதெல்லாம் உரம்னு அள்ளிட்டு வந்து கொட்டறது ஆபத்து.

உங்ககிட்ட கேக்கறது இதுதான். அடுத்த தடவ எழுதும்போது பாக்கெட்டுல எந்த இனம்னு பேரு போட்டிருக்கா, உயிரோட இருக்கற செல் எவ்ளோ, எந்த தேதி வரைக்கும் தாங்கும், கன உலோகத்துக்கு டெஸ்ட் பண்ணியிருக்காங்களான்னு வாங்கறவங்க கேக்க வேண்டியத போடுங்க. வயல்ல ஒரு பாத்திய பாசி போடாம விட்டு வச்சு ஒப்பிட்டு பாக்க சொல்லுங்க. அப்படி பாத்தவங்க எழுதி அனுப்பினா விளைஞ்ச கதைய மட்டும் எடுக்காம விளையாத கதையயும், மண்ணு என்ன, எவ்ளோ யூரியா போட்டாங்கங்கற விவரத்தோட வெளியிடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்