துருத்தியைத் திருப்பும் இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்ல வந்தால் எனக்குப் பாதிதான் வருகிறது. அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "ஜாஸ், டாங்கோ, பாடுறவங்களுக்குப் பக்கவாத்தியம், எல்லாம் வாசிக்கிறேன்ப்பா. எனக்குன்னு எது இருக்கு?" என்றாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. உன்னைப் போலவே அக்கார்டியன் வாசிக்கும் பிரெஞ்சுக்காரர் ரிஷார் கலியானோவின் வாசிப்பை நீ அனுப்பியிருந்தாயே, அதை இந்த வாரம் முழுக்கக் கேட்டேன், அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

1950-ல் பிரான்சின் தென்கரையில், கான் நகரை ஒட்டிய ஊரில் பிறந்தவர். அவருடைய அப்பா லூசியன் இத்தாலிய வழி வந்த அக்கார்டியன் வாத்தியார். நாலு வயதிலேயே பையன் பெட்டியைத் தொட்டுவிட்டான். நீஸ் இசைப் பள்ளியில் டிராம்போனும் படித்தான். பதினாலு வயதில் கிளிஃபர்ட் பிரவுன் என்ற அமெரிக்க டிரம்பெட் கலைஞரின் இசைத்தட்டு கிடைத்தது. அந்த டிரம்பெட் வரிகளை ஒவ்வொன்றாகத் தன் பெட்டியில் எடுத்துப் பழகினானாம். இந்த இடத்தில் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். நாதஸ்வரத்தைக் கேட்டு ஆர்மோனியத்தில் பிடிக்கப் பார்த்தவன் நான். ஊதுகிறவருக்கு மூச்சு தீரும் இடத்தில் வரி முடியும். உன் பெட்டியில் துருத்தியைத் திருப்பும் இடம்தான் மூச்சு. அதை எங்கே வைப்பது என்று விரலுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

பிறகு பாரிஸுக்குப் போனார். நீ இருக்கும் துலூஸில் பிறந்த பாடகர் குளோத் நுகாரோவுடன் 1983 வரை இருந்தார், வாசித்தார், இசை அமைத்தார். பார்பரா, அஸ்னவூர் என்று இன்னும் பல பாடகர்களுக்கும் வாசித்தார். பாடுகிறவரின் வார்த்தை அமுங்காமல் கூடவே போவது பெரிய வேலை பாப்பா. நீ அதை ஏதோ குறை மாதிரி சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது.

அப்புறம்தான் அர்ஜென்டினாவின் டாங்கோ இசைக்காரர் ஆஸ்டர் பியாசோலா வருகிறார். நான் அர்ஜென்டினாவில் புது டாங்கோவை உண்டாக்கினேன், நீ பிரான்சில் புது ம்யூசெட்டை உண்டாக்கு என்று கலியானோவிடம் அவர் சொன்னாராம். பியாசோலாவுக்கே அப்படி ஒரு வார்த்தை பாரிஸில்தான் கிடைத்திருக்கிறது. 1954-ல் இசை ஆசிரியை நாதியா பூலான்ஷே அம்மையாரிடம் பாடம் கேட்கப் போனவர், தான் டாங்கோ வாசிப்பவன் என்பதையே வெளியே சொல்லக் கூச்சப்பட்டார். அந்த அம்மாள் ஒரு டாங்கோவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதுதான் நிஜமான பியாசோலா, இதை விட்டுவிடாதே என்றார்.

ம்யூசெட் உனக்குத் தெரியும், பாரிஸின் பழைய அக்கார்டியன் நடன இசை. ஓவெர்ன் மலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஜனங்கள் ம்யூசெட் என்ற துருத்திக் குழலோடு பாரிஸுக்கு வந்தார்கள். இத்தாலிக்காரர்கள் அக்கார்டியனோடு வந்தார்கள். ரு த லாப் தெருவின் நடன விடுதிகளில் இரண்டும் கலந்தன. கடைசியில் குழல் போய்விட்டது, அதன் பெயர் மட்டும் நடனத்துக்கும் சுருதிக்கும் நின்றது. ஆர்மோனிய ரீடு சுரண்டிச் சுருதி சேர்த்துப் பிழைக்கிற எனக்கு அந்தச் சுருதி பெரிய ஆச்சரியம். ஒரே ஸ்வரத்தின் இரண்டு ரீடுகளும் இழைய வேண்டும் என்று நான் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். அவர்கள் வேண்டுமென்றே துளி விலக்கி வைத்து, அந்த அலையை வரவழைக்கிறார்கள்.

கலியானோ இளைஞராக இருந்தபோது அந்த இசையைப் பழசு என்று ஒதுக்கியவர்கள் நிறைய. அதன் மூன்று தட்டு வால்ட்ஸ் நடனத்திலேயே ஜாஸின் நடையை ஏற்றி 1991-ல் 'நியூ ம்யூசெட்' என்று ஆல்பம் போட்டார். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அவராகவே இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. நியூயார்க் ஜாஸ்காரர்களோடு வாசித்தார், டிரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸோடு சேர்ந்து பிரெஞ்சுப் பாடகி பியாஃபின் பாடல்களை வாசித்தார். 2010-ல், ஜெர்மானிய இசைமேதை பாக் வயலினுக்கும் ஓபோவுக்கும் எழுதியதை அக்கார்டியனில் வாசித்துப் பதிவு செய்தார். நீ அனுப்பியதில் எனக்கு அதுதான் உயிர். லூசியனும் கலியானோவும், அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து அக்கார்டியனுக்குப் பாடப் புத்தகமும் எழுதியிருக்கிறார்களாம். அதைப் படித்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்கு நம் தெருவில் அத்தை கும்மி எடுப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ பாவாடையைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாக ஓடுவாய். அந்தக் கும்மியும் மூன்று மூன்றாகத்தான் போகும், வால்ட்ஸ் மாதிரியே. அதை ஒரு தடவை உன் பெட்டியில் வாசித்துப் பார். ஜாஸ் நண்பர்களுக்கு முன்னால் வேண்டாம், முதலில் அறையில் தனியாக வாசி. வாசித்துவிட்டுத் துருத்தியை எங்கே திருப்பினாய் என்று எனக்குப் போன் பண்ணிச் சொல். அத்தை எங்கே மூச்சு வாங்குவாள் என்று எனக்குத் தெரியும்.

அம்மா எள்ளுருண்டை அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா