பனி தள்ளியவர்களுக்கும் பயணத்தைத் தள்ளிப்போட்டவர்களுக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். இந்தப் பனிக்கால விடுமுறையில் எங்கள் இருவருக்கும் கைகொடுத்தவர்கள் பலர். வாசலில் நின்று சொன்ன ஒரு வார்த்தை போதாது. என்ன செய்தீர்கள், அதைச் செய்த விதம் ஏன் அவ்வளவு சரி என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் எங்களுக்கு மனம் நிறையும். வயதானவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வேறொரு வீட்டுக்கு உதவப் போகிறவர்களுக்கும் இது பயன்படட்டும்.

முதலில், விடிவதற்குள் வந்து வாசல் பாதையில் பனி தள்ளிய தம்பிகளுக்கு. பத்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையில் 10 சென்டிமீட்டர் பனி விழுந்தால், பஞ்சு போன்ற உலர்பனியாக இருந்தாலே 50 முதல் 100 கிலோ. ஈரப்பனி என்றால் 200 கிலோவைத் தாண்டும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். ஷவலைத் தூக்கும்போது நம்மை அறியாமல் மூச்சை அடக்குவோம், அழுத்தம் இன்னும் ஏறும். எழுபதைத் தாண்டியவர்களுக்குப் பனி அள்ளும்போது மாரடைப்பு வருவதற்கு வழி இதுதான். நீங்கள் தூக்கி வீசாமல் தரையோடு தள்ளினீர்கள். கொட்டி முடியும்வரை காத்திராமல் நடுவில் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை என்று இரண்டு தடவை வந்தீர்கள். அதனால் பனி மிதிபட்டு இறுகி ஐஸ் ஆகவில்லை. தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி போகும்போது வாசல் முகப்பில் ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகுமே, அதுதான் மிகக் கனமானது. சில மணி நேரம் விட்டால் கல்லாகிவிடும். அதையும் விடவில்லை.

உப்பு போட்ட விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பலர் பனியின் மேலேயே கைகையாய் அள்ளி வீசுவார்கள்; அது பனிக்குள் புதைந்து வீணாகும். தம்பி முதலில் தரை தெரியச் சுரண்டிவிட்டு, ஒரு உப்புக்கல்லுக்கும் அடுத்த உப்புக்கல்லுக்கும் ஏழெட்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தூவினார். அவ்வளவு போதும். மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பு மந்தமாகிவிடும் என்பதால் அந்த நாட்களில் மணல் போட்டார். மணல் ஐஸை உருக்காது, ஆனால் காலுக்குப் பிடி கொடுக்கும். பகலில் உருகி ஓடிய தண்ணீர் சாயங்காலம் மறுபடி கண்ணாடிபோல் உறையும். வழுக்கி விழுவது பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத படலத்தில்தான். ஆகவே மாலை நாலு மணிக்கு வந்து படிக்கட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனதை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

வீட்டின் பக்கவாட்டில் ஹீட்டரின் புகைக்குழாய் வெளியே வரும் இடத்தைச் சுற்றிலும் ஒரு மீட்டர் அளவுக்குப் பனியை ஒதுக்கிவைத்தவருக்கு இன்னொரு பெரிய நன்றி. பனி மூடி அந்தக் குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி என்று அப்படியே ஃப்ளூ மாதிரி இருக்கும். வீட்டில் ஏற்கெனவே காய்ச்சல்காரர் இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. வித்தியாசம் இதுதான்: காய்ச்சல் அடிக்காது, வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும், வெளியே போனால் தெளியும், உள்ளே வந்தால் திரும்பவும் பிடிக்கும். அப்படித் தோன்றினால் ஜன்னலைத் திறந்துகொண்டு நிற்காமல் உடனே வெளியேறி, வெளியிலிருந்து அவசர உதவிக்குக் கூப்பிட வேண்டும். அதை எச்சரிக்கும் கருவியின் பேட்டரியையும் நாற்காலி போட்டு ஏறி மாற்றித் தந்தார். நாங்கள் ஏறக் கூடாத நாற்காலி அது.

அடுத்து, பிள்ளைகளுக்கு. வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும்.

பேரனுக்கு லேசாக மூக்கு ஒழுகுகிறது என்றதும் மகளும் மருமகனும் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். பெட்டி கட்டியபின் அப்படி முடிவெடுப்பது எளிதல்ல. ஒழுகும் மூக்குதானே என்று கிளம்பிவிடுவதுதான் வழக்கம். ஃப்ளூ உடம்புக்குள் நுழைந்து ஒன்று முதல் நான்கு நாளில் தலைகாட்டும். தலைகாட்டுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவருக்குப் பரவும். பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் பரவும், சிறு குழந்தைகளிடமிருந்து இன்னும் கூடுதலாக. ரேபிட் டெஸ்ட்டில் முதல் நாள் கோவிட் இல்லை என்று வந்ததை நம்பிப் புறப்படாமல், 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். முதல் நாள் கிருமி குறைவாக இருந்தால் டெஸ்ட்டில் தெரியாமல் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் அடிக்காமல் இருந்ததையும், அதற்கு மேல் சில நாளையும் கணக்கில் வைத்துத்தான் வந்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கணக்கு வேறு: அது நின்று குறைந்தது 48 மணி நேரம் ஆக வேண்டும்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கூடாமல் குடும்பம் குடும்பமாக, இடையில் ஒரு நாள் விட்டு வந்தது இன்னொரு நல்ல காரியம். அந்த ஒரு நாளில் எங்களுக்கு ஓய்வும் கிடைத்தது, வீட்டுக்குக் காற்றும் கிடைத்தது. நாள் முழுக்க ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்தால் சுவர்கள் குளிர்ந்துபோகும், காற்றும் சரியாக மாறாது. எதிரெதிர் ஜன்னல்களை முழுசாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட்டு மூடினால் காற்று மாறிவிடும், சுவரின் சூடு தங்கிவிடும். தடுப்பூசியையும் வருகைக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொண்டிருந்தார்கள். உடம்பு எதிர்ப்பாற்றலைத் தயாரிக்க அவ்வளவு நாள் பிடிக்கும். முந்தின நாள் போட்டால் அந்த விடுமுறைக்கு உதவாது.

பூட்ஸைக் கழற்ற வாசலிலேயே தட்டு வைத்து, உருகி வழிந்த தண்ணீரைக் குழந்தைகளே துணியால் துடைத்தார்கள். காலணியில் மாட்டும் இரும்பு முள்ளை வெளியிலேயே கழற்றச் சொன்னதும் அவர்கள்தான். ஐஸில் காப்பாற்றும் அந்த முள், டைல்ஸ் தரையில் சறுக்கிவிடும். படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவே இரவு விளக்கு வைத்தது சின்னப் பேத்தி.

மருந்துக்கடைப் பெண்ணுக்கு. விடுமுறைக்குப் பத்து நாள் முன்பே கூப்பிட்டு, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகளை வாங்கிவைக்கச் சொன்னீர்கள். சளிக்கென்று விற்கும் கரைத்துக் குடிக்கும் பொடியிலும் பாரசிட்டமால் இருக்கிறது, கூடவே மாத்திரையும் போட்டால் இரட்டை அளவு ஆகிவிடும் என்று பெட்டியைத் திருப்பிக் காட்டினீர்கள். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராம்தான் உச்சவரம்பு. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் இன்னும் குறைவு. மூக்கடைப்பு மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதையும், அழுத்த மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் வாந்தி பேதியில் வற்றிக் கிடக்கும்போது ஐபுப்ரோஃபென் போட்டால் சிறுநீரகம் கெடக்கூடும் என்பதையும் அவசரப்படாமல் விளக்கினீர்கள். வரிசையில் உங்களுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

எங்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்தபோது தொலைபேசியில் பேசிய செவிலியருக்கு நாங்கள் பட்ட கடன் தனி. காய்ச்சல் எவ்வளவு என்பதோடு அவர் நிறுத்தவில்லை. வயதானவர்களுக்குப் பெரிய தொற்றிலும் காய்ச்சல் ஏறாமலிருக்கலாம். வழக்கமான சூட்டைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடினாலே கவனிக்க வேண்டும். பேச்சு குழறுகிறதா, நாள் கிழமை நினைவிருக்கிறதா, எத்தனை தடவை சிறுநீர் போனது, புதிதாகத் தடுமாறி விழுந்தாரா என்று வரிசையாகக் கேட்டார். மூச்சை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காமல், ஒரு முழு நிமிடம் எண்ணச் சொன்னார். ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டுமுன் விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்து, எண் நிலைக்கும்வரை பொறுக்கச் சொன்னார். குளிர்ந்த விரலில் 88 காட்டும் கருவி சூடான விரலில் 95 காட்டக்கூடும். சூடான விரலிலும் 92 அல்லது அதற்குக் கீழே நின்றால் விடிவதற்குக் காத்திருக்கக் கூடாது. ஃப்ளூ மருந்தை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசி ஏற்பாடு செய்தார்.

கழிவறையைச் சுத்தம் செய்துகொடுத்த தங்கைக்கும் நன்றி. வாந்திக் கிருமிக்கு ஆல்கஹால் ஜெல் சரிப்படாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். தரைக்கு, 5 சதவீத பிளீச்சை லிட்டர் தண்ணீருக்கு குறைந்தது 20 மில்லி கலந்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தார். வேறு எந்தக் கழிவறை திரவத்தையும் அதோடு சேர்க்கவில்லை. சேர்த்தால் நச்சுவாயு வரும். உப்புச் சர்க்கரைத் தண்ணீரையும் அளந்தே கலக்கினார்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் அதுவே கெடுதல். வாந்தி எடுத்தவருக்கு டம்ளரை நீட்டாமல், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தார்.

இன்சுலின் பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போகாமல், மணி அடித்து, கதவு திறக்கும்வரை அந்தக் குளிரில் நின்ற டெலிவரி தம்பிக்கு: ஒருமுறை உறைந்த இன்சுலினை உருக்கினாலும் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். நீங்கள் நின்ற அந்த இரண்டு நிமிடத்தால் ஒரு மாத மருந்து தப்பியது.

படியருகே மூடி போட்ட வாளியில் உப்பும் மணலும் தனித்தனியாக இருக்கின்றன. மருந்துப் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. போன வாரம் மாறிய அளவு உட்பட எழுதியாகிவிட்டது. வாசல் விளக்கு இரவு முழுக்க எரியும்.

நன்றியுடனும் அன்புடனும்,
பெரியவர்கள் இருவர்