காலி நோட்டு: பெற்றோருக்குத் தலைமையாசிரியையின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் யூகேஜி மாணவன் ஒருவனின் அம்மா என் மேசைமேல் ஒரு நோட்டை விரித்து வைத்தார். ஜூனில் வாங்கியது, நான்கு பக்கம்கூட நிரம்பவில்லை. "பக்கத்து வீட்டுப் பையன் நூறு வரை எழுதுகிறான் மேடம். இவன் மண்ணைப் பிசைந்துவிட்டு வருகிறான். ஃபீஸ் எதற்குக் கட்டுகிறோம்?" என்று கேட்டார்.

பதில் சொல்லாமல் வகுப்புக்கு அழைத்துப் போனேன். நம் மும்பையின் தாராவியில் குயவர்கள் வாழும் கும்பார்வாடாவிலிருந்து வாங்கிவந்த களிமண்ணைப் பையன் கயிறாக உருட்டி, கைமுறுக்குச் சுற்றுவது போல வளைத்துக்கொண்டிருந்தான். சுழி, வளைவு, கடைசியில் ஒரு நேர்கோடு. பலகையில் 'அ' உட்கார்ந்திருந்தது. ஜூனில் பென்சிலை உலக்கை பிடிப்பது போலப் பிடித்தவன் அவன். விரலில் வலு ஏறுமுன் எழுதவைத்தால் கை வலிக்கும். வலி எழுத்தின்மேல் வெறுப்பாகும். அம்மா அரைமனதோடுதான் திரும்பினார். அதனால்தான் இந்தக் கடிதம்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயது முதல் எட்டு வயது வரை, அதாவது இரண்டாம் வகுப்பு முடியும்வரை, ஒரே கட்டமாகவே பார்க்கிறது. பொருள் புரிந்து வாசிப்பதும் அடிப்படைக் கணக்கும் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் கைவர வேண்டும் என்பதுதான் அரசின் இலக்கே. யூகேஜியில் யாரும் பின்தங்கிவிடவில்லை.

வீட்டில் தயவுசெய்து தமிழில் பேசுங்கள். "வாட்டர் குடி, ஷூ போடு" என்பது ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. மராத்தியைப் பற்றிக் கவலை வேண்டாம்; 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மகாராஷ்டிர மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் அது கட்டாயம். போதாததற்குத் தெருக் கிரிக்கெட்டும் கற்றுக்கொடுக்கிறது.

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடப்புத்தகம் வந்துவிடும். வாய்ப்பாட்டை இன்னும் உரக்கச் சொல்லவைக்கிறோம். பழைய முறை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் மாற்றுவதாக இல்லை.

ஆறு முதல் எட்டு வரைதான் என் மனத்துக்குப் பிடித்த காலம். இந்த வகுப்புகளில் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், குயவர் போன்றவர்களிடம் பழகட்டும் என்று அதே கொள்கை சொல்கிறது. நாங்கள் தையல்கடைக்கும் அனுப்புகிறோம். தசமப் புள்ளியைக் கண்டாலே மிரளும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 2.25 மீட்டர் துணியில் சட்டை வெட்டியபின் எவ்வளவு மிஞ்சும் என்று தையல்காரருக்கே சொல்லிவிட்டு வந்தாள். அந்த நாட்களை லீவு என்று எண்ணி ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

ஒன்பது, பத்தில் நான் பெரிய பேச்சுப் பேசப்போவதில்லை. போர்டு தேர்வு இருக்கிறது. பழைய வினாத்தாள்களை எழுதவைக்கத்தான் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளைகளைத் தூங்க விடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யூகேஜி பெற்றோர் வகுப்புக்கு வாருங்கள். தரையில்தான் உட்கார வேண்டியிருக்கும். களிமண் கறை எளிதில் போகாது. பழைய உடையில் வருவது நல்லது.

இப்படிக்கு,
தலைமையாசிரியை