ஜீப்பை ஏன் ஓர் இரவு விட்டுவிட்டுப் போகச் சொல்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "காபரேட்டரை ஒருக்கா டியூன் பண்ணித் தாங்க, பத்து நிமிச வேலைதானே" என்று கேட்டு வருகிறவர்களிடம், வண்டியை இரவு கராஜில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறோம். பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் ஹட்டன்வரை வந்துவிட்டுப் பஸ்ஸில் திரும்புவது லேசான காரியமில்லை. அதில் சிலருக்கு வருத்தம் என்பதும் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

பழைய ஜீப்பின் காபரேட்டர்தான் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிறது. அந்தக் கலவை சரியா பிழையா என்று சொல்ல, வண்டியின் காலை ஆறு மணி ஸ்டார்ட்டை எங்கள் காதால் கேட்க வேண்டும். பெற்றோல் குறைவாகப் போகும் எஞ்சின், சூடேறிய பிறகும் சோக்கை (குளிரில் ஸ்டார்ட் பண்ணக் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் இழுபிடி) உள்ளே தள்ள விடாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் காபரேட்டர் வழியாகத் தும்மும். பெற்றோல் கூடிப்போன எஞ்சினோ அந்தக் குளிரிலும் சோக் இல்லாமலே எழும்பிவிடும்; ஆனால் கடைத்தெருவில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் மக்கர் பண்ணும். நீங்கள் சூடாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தும்போது இதில் பாதி மறைந்துபோகும்.

அடுத்தது, டியூன் என்றதும் திருகச் சொல்லும் அந்த மிக்ஸ்சர் ஸ்க்ரூ, கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி. லேண்ட் ரோவரில் வரும் செனித் காபரேட்டரில் அது ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓடும்போது போகும் கலவையை மட்டும்தான் பார்த்துக்கொள்கிறது. ஏற்றத்தில் பெற்றோல் கொடுப்பது மெயின் ஜெட், பெற்றோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு. "ஏத்தத்துல இழுக்கல" என்று அந்த ஸ்க்ரூவைத் திருகுவது, முழங்கால் வலிக்குத் தலையில் தைலம் தடவுகிற மாதிரி.

இதில் நாங்களும் சறுக்கியிருக்கிறோம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சீரிஸ் 3 லேண்ட் ரோவர் வந்தது. நின்றுகொண்டிருந்தால் கறுப்புப் புகை, ஆட்டம். ஓடத் தொடங்கினால் ஒரு குறையுமில்லை. இரண்டு தடவை ஸ்க்ரூவை உள்ளே திருகிக் கொடுத்தனுப்பினோம். மூன்றாம் தடவை முழுவதுமாக மூடிப் பார்த்தோம், எஞ்சின் நிற்கவே இல்லை! அப்போதுதான் உறைத்தது. ஸ்க்ரூவை மூடியும் ஓடுகிறதென்றால் பெற்றோல் வேறு வழியில் போகிறது. காபரேட்டரின் மேல்மூடியைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து வைத்தோம். இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் ஆக மெல்லிய இலை நடுவில் தாராளமாக நுழைந்தது. மூடி வளைந்திருந்தது. அதே கண்ணாடியில் வாட்டர் பேப்பரை நனைத்து விரித்து, மூடியை மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டோம். புகை நின்றது. முதல் இரண்டு தடவை வாங்கிய கூலியையும் திருப்பிக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொடுகிறோம். முதலில் வால்வ் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) பொயின்ட், கொண்டென்சர், டைமிங். இந்த மழையிலும் பனிமூட்டத்திலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கட்டி, தீப்பொறி தவறி மிஸ்ஸிங் அடித்தால் எரியாத பெற்றோல் சைலன்சரில் நாறும்; பழி காபரேட்டருக்குப் போகும். அப்புறம் எயார் லீக். மேனிபோல்ட் கேஸ்கெட் ஓரத்திலும் திரொட்டில் தண்டு தேய்ந்த இடத்திலும் கொஞ்சம் தண்ணீர் விசிறுவோம். எஞ்சின் சத்தம் மாறினால் இடம் கிடைத்துவிட்டது.

கலவையைக் காட்டிக்கொடுக்கும் பிளக்கின் நிறத்தைப் பார்ப்பதற்கும் நேரம் வேண்டும். டவுனுக்குள் ஊர்ந்து வந்த வண்டியின் பிளக் எப்படியும் கறுத்துத்தான் இருக்கும். அதனால் கினிகத்தேனைவரை இறங்கி, வட்டவளை வழியாக மூன்றாம் கியரில் ஒரே சீராக ஏறி வந்து, அகலமான இடத்தில் ஓரங்கட்டும்போதே கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றுவோம். பால் தேத்தண்ணி நிறம் என்றால் நல்லது. கரிபோலக் கறுப்பு என்றால் பெற்றோல் கூடுதல். சுண்ணாம்பு வெள்ளை என்றால் குறைவு, அப்படியே ஓட்டினால் வால்வ் கருகும்.

கொழும்பில் வாங்கி மேலே கொண்டுவந்த வண்டி என்றால் அதையும் சொல்லுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் அங்கே கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிகிற அளவுக்குக் காபரேட்டர் பெற்றோலைக் குறைப்பதில்லை, அதனால் கீழே சரியாக இருந்த ஜெட் இங்கே கூடிப்போகும். ஜெட்டை மாற்றலாம். ஆனால் உயரத்தில் குறைகிற இழுவையை எந்த டியூனிங்கும் முழுதாக மீட்டுத் தராது. தருவதாகச் சொல்கிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டின்போது நிறுத்தி வைத்த ஜீப்புகள் சில இன்னும் வருகின்றன. உள்ளே பெற்றோல் காய்ந்து பிசின் மாதிரிப் பிடித்து ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும். தயவுசெய்து கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை ஜெட்டின் துளை பெரிதானால் அது பிறகு குப்பைக்குத்தான்.

வருவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு விஷயம் பார்க்கலாம். சூடான வண்டி தயங்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். தெளிந்தால் பெற்றோல் குறைவு, இன்னும் மோசமானால் பெற்றோல் கூடுதல். நீண்ட ஏற்றத்தில் சோர்ந்து, நிறுத்திவைத்தால் திரும்ப இழுக்கிறதா? டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் துவாரம்தான் அடைத்திருக்கிறது, அதற்கு எங்களிடம் வரவே தேவையில்லை.

அப்படியும் வருவதென்றால் மாலை ஐந்து மணிக்குள் விடுங்கள். பிளக்கைத் துடைத்துவிட்டு மட்டும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஹட்டன் கராஜ்