அந்த வரியை மட்டும் மாற்றிவிடு

அன்பு மகளுக்கு,

நீ பார்க்கச் சொல்லி அனுப்பிய கடிதத்தைப் படித்தேன். கோபமாக இருக்கும் வாடிக்கையாளரிடம், அவரை 'அப்பீஸ்' (appease) செய்ய விரும்புவதாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய். அகராதியில் 'சமாதானப்படுத்து' என்றுதான் இருக்கும், உன்மேல் தப்பில்லை. ஆனால் அப்படியே அனுப்பிவிடாதே.

பழைய பிரெஞ்சில் 'அமைதி' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. நல்ல பிறப்புதான். பெயர் கெட்டது 1938 செப்டம்பரில். செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியை ஹிட்லர் எடுத்துக்கொள்ளச் சம்மதித்து, பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் மியூனிக்கில் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1939 மார்ச்சில் ஜெர்மன் படை அந்த நாட்டின் தலைநகரான பிராகுக்குள் நுழைந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பீஸ் என்றாலே, மிரட்டுகிறவன் கேட்டதைக் கொடுத்து வாயை அடைப்பது என்ற வாடை அடிக்கும். பாவம், உன் வாடிக்கையாளர் கேட்பது தன் பணத்தை.

நீ தேடிய சொல் 'மாலிஃபை' (mollify) என்று நினைக்கிறேன். லத்தீனில் 'மொல்லிஸ்' என்றால் மென்மையானது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அதன் முனை மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். குரல் இறங்கியிருக்கும், முகம் இன்னும் உர்ரென்று இருக்கும். உன் அம்மாவைப் பார்த்திருக்கிறாயே!

தணிப்பது என்ற பொருளில் வரும் 'அஸ்வேஜ்' (assuage) பெரும்பாலும் ஆளோடு சேராது. கோபம், குற்றவுணர்வு, பசி என்று உள்ளே இருப்பதோடுதான் சேரும். நாமும் கோபத்தைத்தான் தணிக்கிறோம், ஆளைத் தணிப்பதில்லையே. அமைதிப்படுத்துவது என்ற பொருளில் வரும் 'பாசிஃபை' (pacify) வேண்டவே வேண்டாம், அவரை அழுகிற குழந்தை ஆக்கிவிடும். அமெரிக்காவில் குழந்தை சப்பும் ரப்பர் காம்புக்குப் பெயரே பாசிஃபையர்.

அதற்காக அப்பீஸை அடித்துவிட்டு மாலிஃபையைப் போட்டுவிடாதே. இதெல்லாம் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லும் சொற்கள். உன் மேலாளருக்கு எழுதும்போது தாராளமாகப் போடு. கோபப்பட்டவரிடமே 'உங்களைச் சாந்தப்படுத்தப் போகிறேன்' என்றால் யாருக்குத்தான் இன்னும் ஏறாது? அவருக்கு எழுதும்போது தவறு எங்கே நடந்தது, பணம் என்றைக்குத் திரும்ப வரும் என்று மட்டும் எழுது. மன்னிப்பு ஒரு தடவை கேட்டால் போதும், நீ மூன்று தடவை கேட்டிருக்கிறாய்.

போன வாரம் போனில் "சரிப்பா, நீங்க சொல்றதுதான் சரி" என்று பேச்சை முடித்தாயே, அது இதில் எந்த வினைச்சொல் என்று எனக்குத் தெரியும். திருத்தியதை அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா