காப்பித் தோட்டங்களில் நாட்டு நிழல் மரங்களை வளர்க்க உதவக் கோரும் மனு

அனுப்புநர்:
தாண்டிக்குடி வட்டாரச் சிறு காப்பி விவசாயிகள்,
கீழ்ப்பழனி மலை, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: காப்பித் தோட்டங்களுக்கு நாட்டு மர நாற்றுகள் வழங்குவது, நிழல் மரங்களின் கிளை கழிப்பது மரம் வெட்டுவதாகாது எனத் தெளிவுபடுத்துவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கீழ்ப்பழனி மலையில் சில ஏக்கர் நிலமே உடைய நாங்கள், அரபிகா காப்பியை மிளகு, மலைவாழை, ஆரஞ்சு ஆகியவற்றோடு மர நிழலில் பயிர் செய்து வருகிறோம். எங்கள் முன்னோர் தோட்டம் போட்டபோது அத்தி, இச்சி, நாவல், பலா, சந்தன வேம்பு ஆகிய மரங்களை மேல்நிழலுக்கு விட்டு, அவற்றின் கீழே முள்ளு முருங்கையைக் கிளைத் துண்டுகளாகப் போத்து நட்டு வளர்த்தார்கள். இன்று அந்த இடங்களில் பெரும்பாலும் நிற்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரமே.

சில்வர் ஓக்கைப் பழித்துப் பேச நாங்கள் வரவில்லை. அது விரைவாக, நேராக வளர்கிறது. மிளகுக் கொடிக்குத் துணை நிற்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கோ திருமணத்துக்கோ விற்றுக் காசாக்கவும் முடிகிறது. ஆனால் அதன் நிழல் மெல்லியது. உதிரும் இலையும் எளிதில் மட்குவதில்லை. வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டு வெயில் நன்றாக விழும் அரபிகாச் செடிகளையே நாடி, தண்டுப் பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுகிறது. புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதால், நிழல் குறைந்த தோட்டத்தில் ஆண்டுதோறும் செடிகளை இழக்கிறோம்.

அதற்காக எந்த நாட்டு மரத்தையும் எங்கும் நடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முள்ளு முருங்கை வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து தருகிறது; எனினும் கோடையில் இலை உதிர்ப்பதால் அதன் மேலே பசுமை மாறாத அத்தியோ நாவலோ இருக்க வேண்டும். பலா நல்ல நிழல் மரம், மிளகும் அதில் நன்றாகப் படரும். ஆயினும் யானை வரும் பாதையை ஒட்டிய தோட்டத்தில் அதை நடுவது யானையை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமம். ஆகவே ஒவ்வொரு தோட்டத்தின் உயரம், சரிவு, விலங்கு நடமாட்டம் ஆகியவற்றைப் பார்த்தே மரத்தைத் தேர்வு செய்ய வேண்டியுள்ளது.

கடந்த மழைக்காலத்தில் நாற்று கேட்டுச் சென்ற எங்களுக்குத் தேக்கும் மகாகனியுமே கிடைத்தன. தேக்கு சமவெளிக்கும் அடிவாரத்துக்கும் ஏற்றதே தவிர, குளிர்ந்த இந்த மலைக்கு ஏற்றதன்று. கோடையில் நிழல் தேவைப்படும் நேரத்தில் அது இலையின்றி நிற்கும். நாவல், பலா விதைகளை வாங்கி இருப்பு வைக்கவும் முடியாது. பழம் பழுத்த சில நாட்களுக்குள் விதைக்காவிட்டால் முளைப்புத் திறன் போய்விடும். எனவே இவற்றுக்கான நாற்றங்கால் மலையிலேயே அமைய வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. மலைப்பகுதியில் அனுமதியின்றி மரம் வெட்டுவதைத் தடுக்கும் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அடர்ந்து வளரும் நாட்டு மரத்தின் கிளைகளை மழைக்கு முன் கழிக்காவிட்டால் ஈரம் தங்கி, இலைத்துரு நோயும் கறுப்பு அழுகலும் காப்பியைத் தாக்கும். கிளை கழித்ததையே மரம் வெட்டியதாகக் கருதி விசாரிப்பார்களோ என்ற அச்சத்தால், தோட்டத்தில் தானாக முளைக்கும் நாட்டு மரக் கன்றுகளை எங்களில் பலர் முழங்கால் உயரத்திலேயே பிடுங்கிவிடுகிறோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே, பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கீழ் தாண்டிக்குடிப் பகுதியில் நாட்டு நிழல் மரங்களுக்கென ஒரு நாற்றங்கால் அமைத்து, வரும் ஆனி, ஆடி மாதங்களில் நாவல் பழுக்கும்போதே விதை சேகரிப்பைத் தொடங்க ஆணையிடுமாறு வேண்டுகிறோம். மர வகைகளைத் தேர்வு செய்யும்போது தாண்டிக்குடியிலுள்ள காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும், தடியன்குடிசையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும் கலந்தாலோசிக்க வேண்டுகிறோம். மேலும், காப்பித் தோட்டத்தில் பருவத்துக்கு ஒருமுறை கிளை கழிப்பது மரம் வெட்டுவதாகாது என்று வனத்துறை வழியாக எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்துமாறும், நாங்களே நட்டு வளர்க்கும் நாட்டு மரங்களை நடும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்ய வழி செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
தாண்டிக்குடி வட்டாரச் சிறு காப்பி விவசாயிகள்